நூற்றுப் பதின்மூன்றாவது வரி

சாமி கும்பிடுவேன். விபூதி இல்லாமல் வீட்டை விட்டு இறங்கமாட்டேன். அது வேறு. ஆனால் செத்தவர் வந்து நின்றார், பூட்டின வீட்டுக்குள் யாரோ நடந்தார் என்று யாராவது ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து போகிற ஆள் நான். அப்படி எழுந்து போய்ச் சொந்தக்காரர்களின் பகையைக்கூடச் சம்பாதித்திருக்கிறேன். ஆகையால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தம் கிடையாது. சிரித்தால் மட்டும் கோபம் வரும். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பயம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். எழுந்த நேரம், ஏறிய பஸ், பார்த்த வேலை, யார் என்ன பேசினார்கள், எல்லாம் அன்றன்றே எழுதிவிடுவேன். மறுநாள் ஞாபகத்திலிருந்து எழுதுகிற வழக்கம் இல்லை. கீழே வருவது அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எழுதின ஏழு பக்கத்திலிருந்து எடுத்தது. நேரங்கள் என் கைக்கடிகாரத்தின்படி. அதை ரேடியோ செய்தியோடு ஒத்துப்பார்த்துத்தான் கட்டுவேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. திண்டுக்கல் ரோட்டில், வாடிப்பட்டிக்கு முன்னால் இருந்த ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர். பிரிவு என்றால் ஒரு குளிர்சாதன அறை, அதில் பீரோ மாதிரி ஒரு இயந்திரம், அதிலிருந்து வயர் இழுத்து நான்கு டெர்மினல். டெர்மினல் என்பது டி.வி. மாதிரி ஒரு திரை, அதற்கு முன்னால் ஒரு விசைப்பலகை, அவ்வளவுதான், மூளையெல்லாம் பீரோவுக்குள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். தூசி ஆகாது என்று இயந்திரம் விற்றவர்கள் சொன்னது, நாளாவட்டத்தில் கோயில் வழக்கம் மாதிரியே ஆகிவிட்டது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த சந்தனம் நான்கு டெர்மினலிலும் காய்ந்து கிடக்கும். அந்த அறைக்குள் ஷூ காலோடு வருகிற ஒரே ஆள், தொழிலாளர் விஷயங்களைக் கவனிக்கிற எங்கள் பெர்சனல் மானேஜர். அந்த ஆளுக்கும் பெயர் வேண்டாம்.

என் பக்கத்து டெர்மினலில் உட்கார்ந்தவர் ஜனார்த்தனன். சௌராஷ்டிரக் குடும்பம், மதுரையில் மகால் பக்கத்தில் வீடு, எனக்கு எட்டு வயது இளையவர். வீட்டில் தறி போட்டவர்கள் வழி வந்தவர், நூற்பாலையில் வந்து எழுத்து அடித்துக்கொண்டிருந்தார். நல்ல வேலைக்காரர். வாய் ஓயாது.

நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது யூனிக்ஸ் இயந்திரத்தோடு வந்த ஒரு சின்ன எடிட்டரில். அதன் பெயரே இரண்டு எழுத்துத்தான், எட். இன்றைக்குத் திரை முழுக்கப் பக்கத்தைப் பார்த்து எழுதுகிறீர்களே, அந்தக் கதை அதனிடம் கிடையாது. எந்த வரி வேண்டும் என்று கேட்டால் அந்த வரியைக் காட்டும். தப்பாக ஏதாவது அடித்தால் என்ன தப்பு என்று சொல்லாது, ஒரே ஒரு கேள்விக்குறி போடும், பேசாமல் நிற்கும்.

"என் மாமனாரும் இப்படித்தாண்ணே," என்பார் ஜனார்த்தனன். "நான் என்ன சொன்னாலும் ஏறிட்டு ஒரு பார்வை. அம்புட்டுதான். என்ன தப்புன்னு கடைசி வரைக்கும் சொன்னதே இல்ல."

அதில் எழுதுகிற முறை இது: கட்டளை கொடுத்துவிட்டு வரிவரியாக அடித்துக்கொண்டே போகவேண்டியது, எழுதி முடித்தோம் என்று அதற்குத் தெரியவேண்டுமானால், ஒரு புது வரியில் வெறும் புள்ளி ஒன்று மட்டும் வைக்கவேண்டும். புள்ளி வைக்காதவரை நீங்கள் எதை அடித்தாலும் அது எழுத்து என்றே எடுத்துக்கொள்ளும். 'சேமி', 'வெளியேறு' என்று கட்டளை கொடுத்தாலும் அதையும் எழுத்தோடு எழுத்தாகச் சேர்த்துக்கொண்டு இன்னும் வா, இன்னும் வா என்று காத்திருக்கும். ஜனார்த்தனன் சேர்ந்த புதிதில் ஒரு நாள் புள்ளி வைக்க மறந்தார். ஷிப்ட் மாற்ற அறிவிப்பு ஒன்று அச்சாகிக் கேட்டில் ஒட்டப்பட்டது. ஆட்களின் பெயர்களுக்குக் கீழே சேமிக்கவும் வெளியேறவும் கட்டளையாக அடித்த டபிள்யூவும் க்யூவும் இரண்டு தனி வரியாக நின்றன. ஸ்பின்னிங்கில் ஒருத்தன் என்னிடம் வந்து, "யாருண்ணே இந்த டபிள்யூ, க்யூ? புதுசா சேந்தவய்ங்களா?" என்று கேட்டான். ஒரு மாதம் அவரை டபிள்யூ சார் என்றே கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு ஜனார்த்தனன் புள்ளி வைக்க மறந்ததே இல்லை. கடைசியில் அந்த விசையை மட்டும் டக்கென்று ஓங்கி அடிப்பார். பக்கத்து சீட்டில் எனக்குத் தெரியும், வேலை முடிந்தது என்று.

அவருக்கு இன்னொரு பழக்கம். பட்டியல் அடிக்கும்போது வரிசை எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு இடம் விட்டால் போதும். அவர் இரண்டு இடம் விடுவார். எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறேன்.

"நம்பருக்கும் பேருக்கும் நடுவுல கொஞ்சம் காத்து வேணும்ண்ணே. இல்லன்னா மனுசனுக்கு மூச்சு முட்டும்."

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கோப்பைச் சேமித்ததும் அந்த எடிட்டர் மொத்தம் எத்தனை எழுத்து என்று ஒரு எண்ணைச் சொல்லும், இடைவெளியும் சேர்த்து. அந்த எண்ணைத் தினமும் நாட்குறிப்பில் குறித்துவைப்பேன். ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் தெரிந்துவிடும். ஆபீசில் இதற்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆலையில் வருடக்கணக்காகப் பதிலியாக, அதாவது நிரந்தர ஆள் வராத நாளில் மட்டும் கூப்பிடுகிற தொழிலாளியாக, இருந்தவர்களில் நூற்றுப் பன்னிரண்டு பேரை நிரந்தரமாக்குவது என்று யூனியனும் நிர்வாகமும் பேசி முடித்தன. யார் முதலில் சேர்ந்தார்களோ அவர்கள் முதலில். கையால் எழுதின மூலப் பட்டியல் மானேஜரிடம் இருந்தது. அதைப் பார்த்து ஜனார்த்தனன் மூன்று நாள் உட்கார்ந்து அடித்தார். வெள்ளிக்கிழமை மாலை நாலு ஐம்பதுக்கு முடித்தார், டக்கென்று புள்ளி, சேமித்தார், எண் வந்தது: 4837. குறித்துக்கொண்டேன். மூலப் பட்டியல் அன்றே மானேஜர் அறைக்குத் திரும்பிப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அழகர்கோவில் போய்விட்டுத் திரும்புகிற பஸ்ஸில், உட்கார்ந்த சீட்டிலேயே, மனைவி தோளில் சாய்ந்தபடி ஜனார்த்தனன் போய்விட்டார். நெஞ்சு. முப்பத்தெட்டு வயது. தூங்குகிறார் என்றே பஸ் ஸ்டாண்டு வரை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார் அந்த அம்மா.

அவருடைய டெர்மினலை மஞ்சள் துணி போட்டு மூடினேன். அந்த வாரமே என் விசைப்பலகையில் இரண்டு விசை வேலை செய்யாமல் போக, அவருடையதைக் கழற்றி எனக்கு மாட்டிக்கொண்டேன். பழுதானது ஸ்டோருக்குப் போனது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த டெர்மினலுக்குத் திரை இருந்தது, வயர் இருந்தது, விசைப்பலகை இல்லை. நான்குக்கும் ஒரே மெயின் சுவிட்சு என்பதால் தினமும் அதுவும் சேர்ந்தே எரியும், துணிக்குள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். மறுநாள் காலையில் மானேஜர் நடைவழியில் என்னை நிறுத்தி அச்சடித்த பட்டியலை நீட்டினார். "ஹெட் ஆபீசுக்குப் போகணும் சார், ஜீப் நிக்குது." நான் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டேன். எண்ணைப் பார்க்கவில்லை, ஒரு வரிகூடப் படிக்கவில்லை. இருபது வருட வேலையில் நான் பார்க்காமல் போட்ட ஒரே கையெழுத்து. என் மேல் எனக்கு இருக்கிற கோபம் அந்த ஆள் மேல் இருப்பதைவிடக் குறைவு என்று யாரும் நினைக்கவேண்டாம்.

பட்டியல் கேட்டில் ஒட்டப்பட்டதும் சத்தம் எழுந்தது. கடைசி மூன்று வரியில், அதாவது நூற்றுப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை, பதினோரு வருட சர்வீஸ் உள்ளவர்களைத் தள்ளிவிட்டு நேற்று முந்தாநாள் வந்த மூன்று பேர் இருந்தார்கள். ஓடிப்போய்க் கோப்பைத் திறந்தேன். எண் 4829. அந்த மூன்று வரியை மட்டும் கேட்டுப் பார்த்தேன். எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரே ஒரு இடம். மற்ற நூற்று ஒன்பது வரியிலும் இரண்டு இடம்.

நேரே மானேஜர் அறைக்குப் போனேன். சொன்னேன். அந்த ஆள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"டைரி சார், நடுவுல இருக்கற காலி எடத்தை வச்சுக் கேஸ் போடப் போறீங்களா?"

"ஜனார்த்தனன் போன பிறகு யாரோ திறந்து மாத்தியிருக்காங்க சார்."

"மூல லிஸ்ட் பாக்கலாம்னா அதையும் காணோம். அவன்தான் கடைசியா வச்சிருந்தான். எவன்கிட்டயோ கை நீட்டியிருக்கான், மாத்தி அடிச்சிருக்கான், போய்ச் சேந்துட்டான். செத்தவனைக் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா? சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. நான் எதையாச்சும் கிளறணும்னா மொதல்ல உங்களைத்தான் கிளறணும்."

வெளியே வந்தேன். அன்றைய பக்கத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

ஜனார்த்தனனின் மனைவி சரோஜா, கணவர் வேலைக்குப் பதில் தனக்கு ஒரு வேலை கேட்டு மனு கொடுத்திருந்தார். ஆலையில் எல்லோருக்கும் செய்கிற வழக்கம் அது. 'இறந்தவரின் நடத்தை குறித்த புகார் உள்ளதால்' என்று எழுதி மனு திரும்பி வந்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு இருபத்தைந்து. ராத்திரி இல்லை, மழை இல்லை, கரண்டு போகவில்லை. ஷெட்டில் மெஷின்கள் ஓடுகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. சரோஜாவைக் கூட்டிக்கொண்டு மானேஜர் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தார். அந்த அம்மா வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தார். அந்த ஆள் வழக்கம்போல ஷூவோடு.

"ஒரு லெட்டர் அடிங்க," என்றார் என்னிடம். "இந்தம்மா எழுதிக் குடுக்கற மாதிரி. என் கணவர் பட்டியலைத் தவறாக மாற்றிவிட்டார், அதற்காக வருந்துகிறேன், என் குடும்ப நிலைமையை உத்தேசித்து வேலை தரவேண்டும். அம்புட்டுதான். இதுல கையெழுத்துப் போட்டா வேலை. நானே பாத்துக்கறேன்."

சரோஜா என்னைப் பார்த்தார். "அண்ணே, அவரு அப்படிச் செஞ்சாரா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்குண்ணே நான் எழுதிக் குடுக்கணும்?"

"எழுதிக் குடுக்காட்டிப் போங்க," என்றார் மானேஜர். "ரெண்டு புள்ளைகளையும் மானத்தை வச்சு வளத்துக்கங்க. எனக்கு மூணு மணிக்கு மீட்டிங் இருக்கு."

"அடிங்கண்ணே, போட்டுக் குடுத்துர்றேன்," என்றார் சரோஜா. பேனாவைக் கையில் வாங்கியும் கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், நானும் உட்கார்ந்தேன். எடிட்டரைத் திறந்தேன். எழுதுவதற்கான கட்டளையும் கொடுத்தேன். ஜனார்த்தனன் கைபட்ட விசைப்பலகையில் ஜனார்த்தனன் திருடன் என்று எழுத விரலை வைத்தேன். ஒரு எழுத்துக்கூட அடிக்க முடியவில்லை. இரண்டு நாற்பதுக்கு எழுந்து நின்றுவிட்டேன். என் கை இரண்டும் மானேஜர் கொடுத்த கைப்பிரதித் தாளைப் பிடித்திருந்தன. நான் நின்ற இடத்துக்கும் விசைப்பலகைக்கும் இரண்டடி இருக்கும்.

"நான் அடிக்கமாட்டேன். வேற யாரையாச்சும் வச்சு அடிச்சுக்கங்க. கையெழுத்துப் போட்ட குத்தத்துக்கு என்னை என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க."

"யோவ், உக்காருய்யா," என்றார் அந்த ஆள். அதுவரை சார் போட்டவர்.

அப்போது சரோஜா, "அண்ணே, அது என்ன?" என்றார்.

மஞ்சள் துணிக்குள் வெளிச்சம் கூடி இருந்தது. எழுத்து விழுந்தால் பச்சை கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அந்த மாதிரி. சரோஜாதான் துணியை இழுத்தார்.

திரையில் ஜனார்த்தனன் பெயர் இருந்தது. உள்ளே நுழையும்போது ஒவ்வொருவரும் தம் பெயரை அடிக்கவேண்டும், அந்த இடத்தில். அதற்குக் கீழே எடிட்டரைத் திறந்த வரி. அதற்குக் கீழே 4829. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி விழுந்தது. ஒவ்வொரு எழுத்தாக. நூற்றுப் பத்து முதல் நூற்றுப் பன்னிரண்டு வரை அழி என்ற கட்டளை. பிறகு, எழுதப்போகிறேன் என்பதற்கான ஒற்றை எழுத்து.

நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் குனிந்து பார்த்தேன். திரைக்கு முன்னால் வெறும் மேஜை, அதில் விசைப்பலகை இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் நீளமாகத் தெரிந்தது.

110. இரண்டு இடம். பெயர். அங்கே ஒரு நிறுத்தம். அவர் தாளில் விரலை வைத்து எண்ணைச் சரிபார்க்கிற நேரம் அது, பக்கத்தில் உட்கார்ந்து ஆறு வருடம் கேட்ட இடைவெளி. பிறகு டோக்கன் நம்பர், சேர்ந்த தேதி, பிரிவு. அடுத்த வரி. 111. இரண்டு இடம். சரோஜா தன் பாஷையில் ஏதோ சொன்னார், சத்தமாக இல்லை, வீட்டில் பேசுகிற மாதிரி. 112. இரண்டு இடம். தள்ளப்பட்ட மூன்று பேரின் பெயரும் வந்துவிட்டன.

புள்ளி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. 113 என்று விழுந்தது.

பட்டியலில் இருந்ததே நூற்றுப் பன்னிரண்டு பேர்தான். நூற்றுப் பதின்மூன்று என்று ஒன்று கிடையாது. மூலத்திலும் இல்லை, நான் பார்த்திருக்கிறேன். இரண்டு இடம் விட்டு அந்தக் கர்சர் சிமிட்டிக்கொண்டு நின்றது, பெயருக்கு.

"என்ன வெளையாட்டுக் காட்டுறீங்க எல்லாரும் சேந்து!" என்று கத்திக்கொண்டே அந்த ஆள் மேஜைக்குப் பின்னால் போய், இயந்திரத்திலிருந்து அந்த டெர்மினலுக்கு வருகிற வயரைப் பிடுங்கினார். திருகைக் கழற்றாமல் முழு பலத்தோடு இழுத்ததில் முனையே கையோடு வந்துவிட்டது. திரையில் இருந்ததெல்லாம் மறைந்தது. இரண்டு நாற்பத்து மூன்று.

"முடிஞ்சுச்சா?" என்றார். முகம் முழுக்க வியர்வை. அந்த அறையில் எங்களுக்கெல்லாம் குளிரும்.

முடியவில்லை. அந்த ஆளுக்கு எடிட்டரில் வரியை அழிக்கத் தெரியும், பெயரை மாற்றத் தெரியும், வயர் அறுந்தால் எடிட்டர் என்ன செய்யும் என்பது தெரியாது. வயரைப் பிடுங்காமல் இயந்திரத்தையே அணைத்திருந்தால் எல்லாம் அங்கேயே அழிந்திருக்கும். அடித்தது எதுவும் சேமிக்கப்படவில்லையே. நான் என் டெர்மினலில் உட்கார்ந்து ஜனார்த்தனனின் கோப்புகளைப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். அதுவரை இல்லாத ஒரு புதுக் கோப்பு இருந்தது. திறந்தேன். எடிட்டர் எண்ணைச் சொன்னது.

4837.

பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து மானேஜர் முகத்துக்கு நேரே காட்டினேன். அச்சடித்தேன். சரோஜா பேனாவை மேஜையில் வைத்துவிட்டு அச்சான தாளை மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டார். மூன்று மணிக்கு ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அது யூனியன் ஆட்கள் கையில் இருந்தது. டோக்கன் நம்பரும் சேர்ந்த தேதியும், ஆட்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸ் ரிஜிஸ்டரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. அதற்குப் பிறகு நான்கு நாளில் காணாமல்போன மூலப் பட்டியல் மானேஜர் பீரோவிலேயே 'கிடைத்தது'. மூன்று பேரும் நிரந்தரமானார்கள். சரோஜாவுக்கு டைம் ஆபீசில் வேலை. மானேஜருக்கு? வேறு ஊர் ஆலைக்கு மாற்றம், அதே சம்பளம், வழியனுப்பு விழாவில் சால்வை. சால்வை போட என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

வயரைச் சரிசெய்ய மெட்ராஸிலிருந்து இன்ஜினீயர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"வயர் அறுந்தா எடிட்டர் செத்துரும் சார். ஆனா சாகறதுக்கு முன்னாடி கையில இருந்ததை ஒரு தனிக் கோப்புல எழுதி வச்சுட்டுத்தான் சாகும். அதுல அதிசயம் இல்ல. அதோட வேலையே அது. என்டர் அடிச்சு முடிச்ச வரி மட்டும்தான் வரும். பாதியில நின்ன வரி வராது."

"அடிச்சது யாரு?"

"நீங்கதான் சார் அடிச்சிருக்கணும். வேற விசைப்பலகை இல்லையே." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்தினார். பிறகு தானே குனிந்து மேஜையைப் பார்த்தார், தூசியில் அந்த நீளமான இடத்தை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்காமல் மத்தியான வண்டிக்குப் போய்விட்டார்.

நான் ஓய்வுபெற்ற அன்று சாயங்காலம் டைம் ஆபீசுக்குப் போய் சரோஜாவிடம் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் வருடக்கணக்காக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு நூத்திப் பதிமூணுன்னு வந்துச்சே, இன்னும் ஒரு நிமிஷம் அந்த ஆளு கையை வச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா யாரு பேருன்னு தெரிஞ்சிருக்கும். வெறும் நம்பரோட போச்சு."

"வெறும் நம்பர் இல்லண்ணே," என்றார் சரோஜா. "நீங்க மானேஜர் பிடுங்கறதைப் பாக்கத் திரும்பிட்டீங்க. நான் திரையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மொத எழுத்து விழுந்துச்சு."

"என்ன எழுத்து?"

என் பெயர் இருந்த பக்கத்தில் விரலை வைத்து ரிஜிஸ்டரை மூடினார். திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொன்னா டைரியில எழுதிருவீங்கண்ணே."

"எழுதினா என்னம்மா?"

"வேணாம்ண்ணே. போயிட்டு வாங்க. பத்திரமாப் போங்க."

எனக்குக் கோபம் வந்தது. போய் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை வீடு தேடிப்போய்க் கேட்டிருக்கிறேன். காப்பி கொடுக்கிறார், பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார், எழுத்தை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, பத்திரமாகப் போங்க என்று இரண்டு தடவை சொல்கிறார்.

ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும், ஏனென்றால் காது கொடுத்துக் காத்திருந்தவன் நான். டபிள்யூ சார் என்று கேலி செய்யப்பட்ட நாளிலிருந்து ஜனார்த்தனன் புள்ளி வைக்காமல் எழுந்துபோனதே இல்லை. அன்று அவர் புள்ளி வைக்கவில்லை.